மொட்டைமாடிப் பெட்டியும் இரண்டு சதவீதமும்

0.020, 0.617, 0.238, 0.125. கூட்டிப் பார்த்தால் சரியாக ஒன்று வரும். அமெரிக்காவில் கடைகள், பள்ளிகள், அலுவலகங்களின் மொட்டைமாடிகளில் உட்கார்ந்திருக்கும் பெரிய ஏசி எந்திரங்கள் தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்பவை இந்த நான்கு எண்கள். எந்திரம் முழுச் சுமையில் ஓடும்போது காட்டும் திறனுக்கு முதல் எண். முக்கால் சுமைக்கு இரண்டாவது. அரைச் சுமைக்கும் கால் சுமைக்கும் அடுத்த இரண்டு. ஆக, முழுச் சுமைக்கு நூற்றுக்கு இரண்டு மதிப்பெண்தான். வேடிக்கை என்னவென்றால், 2018 பிறக்கும்வரை அந்நாட்டின் கூட்டாட்சி விதி இந்த இரண்டு மதிப்பெண் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, மீதித் தாளைப் புரட்டாமலே தேர்ச்சி போட்டுக்கொண்டிருந்தது.

ஏசி விதிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வரம்பு எவ்வளவு ஏறியது, யார் எதிர்த்தார்கள் என்பதோடு முடிந்துவிடும். எனக்கு அதைவிடக் கேள்வித்தாள்தான் முக்கியமாகப் படுகிறது. தேர்வில் எது வருமோ அதைத்தான் பிள்ளை படிக்கும். எது அளக்கப்படுமோ அதற்கேற்ற எந்திரத்தைத்தான் தொழிற்சாலை செய்யும்.

முதலில் அந்தப் பெட்டி. அமெரிக்க நகரம் எதையாவது செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால், நெடுஞ்சாலையோரத்துத் தட்டையான கட்டடங்களின் மேல் சாம்பல் நிறப் பெட்டிகள் வரிசையாகத் தெரியும். கம்ப்ரஸர், கன்டென்சர், குளிர்காயில், காற்றை உள்ளே தள்ளும் பெரிய ஃபேன் எல்லாம் ஒரே பெட்டிக்குள். கீழே கூரையில் ஒரு துளை. அதன் வழியாகக் குளிர்காற்று டக்டில் இறங்குகிறது. நம் ஊர் ஜவுளிக்கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் இருக்கும் ‘டக்டபிள் ஏசி’யின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். நம்முடையது உள்ளே பாதி, வெளியே பாதி. அவர்களுடையது மொத்தமும் மாடியில். அந்நாட்டின் வணிகக் கட்டடப் பரப்பில் ஏறத்தாழ பாதியைக் குளிர்விப்பவை இந்தப் பெட்டிகள்தான். விதியின் கண்ணில் இவை மூன்று வகை: சுமார் ஐந்தரை டன்னிலிருந்து பதினொன்றேகால் டன் வரை சிறியவை, இருபது டன் வரை பெரியவை, அதற்கு மேல் அறுபத்து மூன்று டன் வரை மிகப் பெரியவை.

‘எத்தனை டன் ஏசி?’ என்று நாம் சாதாரணமாகக் கேட்கிறோம். அந்த டன் ஐஸ்கட்டியின் எடை. 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அதுவே ஒரு டன் குளிர்ச்சி: மணிக்கு 12,000 பி.டி.யூ., சுமார் 3.5 கிலோவாட். ஐஸை வெட்டி விற்ற காலத்தின் மிச்சம் இது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டூடர் குளத்து ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிக் கடல் கடந்து விற்றவர். 1833-இல் கல்கத்தாவுக்கு வந்த அவருடைய சரக்கு சில ஆண்டுகளில் மதராஸுக்கும் வந்தது. அதை வைப்பதற்காக 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் இன்றும் மெரினாவைப் பார்த்து நிற்கிறது. ஐஸ் போய்விட்டது, அளவு மட்டும் தங்கிவிட்டது.

டன் என்பது வேலையின் அளவு. அந்த வேலைக்குக் கூலி எவ்வளவு என்பதைச் சொல்வது இ.இ.ஆர். ஒரு வாட் மின்சாரத்துக்கு மணிக்கு எத்தனை பி.டி.யூ. வெப்பத்தை எந்திரம் வெளியேற்றுகிறது என்ற கணக்கு. 12 என்றால் டன்னுக்கு ஒரு கிலோவாட். எண் ஏற ஏற மின்சாரம் குறையும். அமெரிக்க விதிப்படி 2010 முதல் சிறிய பெட்டிகளுக்கு இந்த எண் 11.2-க்குக் குறையக்கூடாது. டன்னுக்கு ஒரு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் சோதனைக் கூடத்தில் வெளிவெப்பத்தை 35 டிகிரி செல்சியஸில் நிறுத்தி, எந்திரத்தை முழு மூச்சில் ஓடவிட்டு எடுத்த எண் அது.

நிஜத்தில் எந்த எந்திரமும் அப்படி ஓடுவதில்லை. ஆண்டின் மிகக் கொடிய மத்தியானத்தை மனத்தில் வைத்துப் பொறியாளர் கணக்குப் போடுகிறார்; ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று காண்டிராக்டர் அதன்மேல் கொஞ்சம் கூட்டுகிறார்; கடைக்காரர் நாளைக்கு விரிவாக்கலாம் என்று இன்னும் கொஞ்சம். விளைவாக, ஆண்டின் பெரும்பகுதியில் அந்தப் பெட்டிக்குப் பாதி வேலைகூட இருக்காது. ஒற்றை வேக கம்ப்ரஸருக்கோ பாதி வேலை செய்யத் தெரியாது. முழுதாக ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நம் மெக்கானிக்குகள் ‘கட் ஆகிக் கட் ஆகி ஓடுது’ என்பது இதைத்தான். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் காயில் குளிர்ந்து முடிவதற்குள் கொஞ்சம் மின்சாரம் வீண். ஈரப்பதமும் ஒழுங்காக இறங்காது. அறை சில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுக்கும். சில அலுவலகங்களில் ஜூலை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கூடவே கழுத்து வியர்வையையும் துடைக்கும் விநோதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபேன் கதை இதைவிட மோசம். கட்டடத்தில் ஆட்கள் இருக்கும்வரை புதுக்காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், கம்ப்ரஸர் நின்றாலும் அது ஓடும். காற்றைத் தள்ளும் ஃபேனின் மின்செலவு வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறி இறங்கும். வேகத்தை ஐந்தில் நான்காகக் குறைத்தால் செலவு பாதிக்கு வந்துவிடும். பாதி வேகத்தில் கணக்குப்படி எட்டில் ஒன்று (மோட்டாரின் இழப்புகளால் நடைமுறையில் கொஞ்சம் கூடும்). ஃபேனுக்கு வேகத்தை மாற்றும் கருவி ஒன்றைப் பூட்டினாலே நாள் முழுக்க மிச்சம் என்பது பொறியாளர்களுக்கு எப்போதோ தெரியும். முழுச் சுமைத் தேர்வில் அந்தக் கருவி ஒரு மதிப்பெண்கூட வாங்கித் தராது. போதாததற்கு, எந்திரத்தின் விலையை ஏற்றிவிடும். வெறும் இ.இ.ஆர். காலத்தில் அதைப் போடுகிற உற்பத்தியாளர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவர்.

வாங்குபவருக்கே அக்கறை இருந்தால் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். இந்தப் பெட்டியை வாங்குபவர் யார் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். கட்டடம் ஒருவருடையது, கடை இன்னொருவருடையது. எந்திரத்துக்குக் காசு போடுபவர் வீட்டுக்காரர். மாதாமாதம் மின்கட்டணம் கட்டுபவர் வாடகைக்காரர். வீட்டுக்காரருக்கு விலை குறைவானதே நல்ல எந்திரம். அதுவும் பழைய பெட்டி நின்றுபோவது குளிர்காலத்தில் அல்ல, வெயில் கொளுத்தும் ஒரு வெள்ளிக்கிழமையில். அப்போது யாரும் திறன் அட்டவணையைப் புரட்டுவதில்லை. விநியோகஸ்தரின் கிடங்கில் எது இருக்கிறதோ அது கிரேனில் ஏறும். ஆகவே பிடிக்க வேண்டிய இடம் தொழிற்சாலை வாசல்.

வாசலைப் பிடிக்கும் அதிகாரம் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975-இல் இயற்றிய எரிசக்திக் கொள்கை, சேமிப்புச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. வணிக ஏசிகள் அதற்குள் வந்தது 1992-இல். சட்டத்தில் ஒரு விசித்திரமான ஏற்பாடும் உண்டு. குளிர்பதனப் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே, 90.1 என்ற கட்டடத் தரநிலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துகிறது. அதில் ஓர் எந்திரத்தின் வரம்பு உயர்ந்தால், எரிசக்தித் துறை அதையே நாட்டின் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலே போக வேண்டுமானால், கூடுதல் சேமிப்பு கணிசமானது என்பதற்குத் தெளிவான, நம்பவைக்கும் சான்று காட்ட வேண்டும். உற்பத்தியாளர்களின் பொறியாளர்களும் உட்கார்ந்திருக்கும் ஒரு சங்கம் தரையைப் போடுகிறது. அரசு அதன்மேல் மாடி கட்டலாம், ஆனால் அஸ்திவாரக் கணக்கைக் காட்டிவிட்டு. அதேபோல், ஒருமுறை ஏற்றிய வரம்பைத் துறை பிற்பாடு இறக்கவும் முடியாது.

இன்னும் திறனுள்ள பெட்டி செய்ய முடியுமா முடியாதா என்ற வாதத்துக்கு 2011-இல் துறை வேறு வழியில் பதில் தேடியது. பெரிய வணிக நிறுவனங்களோடு சேர்ந்து, ‘பகுதிச் சுமையையும் சேர்த்து அளக்கும் ஐ.இ.இ.ஆர். கணக்கில் 18 எடுக்கும் பெட்டி செய்யுங்கள், வாங்க ஆளிருக்கிறது’ என்று உற்பத்தியாளர்களுக்குச் சவால் விட்டது. அடுத்த ஆண்டே டெய்கின் மெக்குவே நிறுவனத்தின் ‘ரெபெல்’ தேறியது. கம்ப்ரஸருக்கும் ஃபேனுக்கும் வேகத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்த எந்திரம் அது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன நான்கு எண்கள் இந்த ஐ.இ.இ.ஆரின் எடைகள்தான். புதிய இயற்பியல் எதுவும் தேவைப்படவில்லை. கேள்வி மாறியது, விடை வந்தது.

2014 செப்டம்பரில் துறை புதிய விதிக்கான முன்வரைவை வெளியிட்டது. அளவுகோல் இ.இ.ஆரிலிருந்து ஐ.இ.இ.ஆருக்கு மாறும், வரம்பும் ஒரே தாவலில் ஏறும். உற்பத்தியாளர்கள் கொதித்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பில் வெறும் பண முணுமுணுப்பு மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். திறன் கூட வேண்டுமானால் காயில் பெரிதாக வேண்டும். காயில் பெரிதானால் பெட்டி பெரிதாகும், கனக்கும். பழைய பெட்டியோ கூரைத் துளையைச் சுற்றிப் பதித்த ஓர் இரும்புச் சட்டத்தின்மேல் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. புதியது அதில் பொருந்தவில்லையென்றால் இடைச் சட்டம் செய்ய வேண்டும், சில இடங்களில் கூரையின் வலுவையே சரிபார்க்க வேண்டும். புதுக் கட்டடத்தைவிடப் பழைய பெட்டியை மாற்றுவதே இந்த வியாபாரத்தில் பெரிய பங்கு. அதனால் அந்த இரும்புச் சட்டத்தின் நீள அகலம் பொருளாதாரக் கணக்குக்குள்ளேயே வந்து நின்றுவிடுகிறது.

வழக்காடி ஆண்டுகளைத் தின்பதற்குப் பதிலாக 2015-இல் பேச்சுவார்த்தை மேசை போடப்பட்டது. பதினேழு பேர் கொண்ட குழு: உற்பத்தியாளர்கள், சூழல் அமைப்புகள், மின் நிறுவனங்கள், காண்டிராக்டர் சங்கங்கள், எரிசக்தித் துறை. ஏப்ரலில் உட்கார்ந்தவர்கள் ஜூன் மாதத்துக்குள் கையெழுத்திட்டுவிட்டார்கள். முடிச்சை அவிழ்த்தது இரண்டு படி ஏற்பாடு. சிறிய பெட்டிகளுக்கு 2018 ஜனவரி 1 முதல் ஐ.இ.இ.ஆர். 12.9; 2023 ஜனவரி 1 முதல் 14.8. பெரியவற்றுக்கு 12.4, பிறகு 14.2. மிகப் பெரியவற்றுக்கு 11.6, பிறகு 13.2.

முதல் படியின் எண்களை ஆஷ்ரே 90.1-இன் 2013 பதிப்போடு ஒப்பிட்டால் ஒரு சங்கதி புலப்படும். இரண்டும் ஒன்றே. அதாவது உற்பத்தியாளர்கள் தங்கள் சங்கத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைத்தான் முதல் படியாக விட்டுக்கொடுத்தார்கள். சூழல் அமைப்புகளுக்குச் சீக்கிரமாக ஒரு வெற்றி. உற்பத்தியாளர்களுக்கு இரண்டாம் படிக்கு ஏழு ஆண்டு அவகாசம். இரண்டு பக்கமும் தோற்காத பேரம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 12.9 என்றால் டன்னுக்கு 0.93 கிலோவாட், 14.8 என்றால் 0.81. ஒரு பெட்டியில் இது சில்லறை. லட்சக்கணக்கான பெட்டிகள், ஒவ்வொன்றும் இருபது ஆண்டுக்கு மேல் ஓடும் என்று பெருக்கினால் தொகை தலை சுற்றவைக்கும். முப்பது ஆண்டுகளில் விற்பனையாகும் எந்திரங்களை வைத்துத் துறை போட்ட மதிப்பீடு: மின்கட்டணத்தில் 16,700 கோடி டாலர் மிச்சம், 88.5 கோடி டன் கரியமில வாயு குறைவு. தன் வரலாற்றிலேயே அதிக ஆற்றலைச் சேமிக்கப்போகும் விதி இதுதான் என்றது துறை. அறிவிப்பு வந்தது 2015 டிசம்பர் 17; பாரிஸ் பருவநிலை ஒப்பந்தம் ஏற்கப்பட்ட ஐந்தாவது நாள். உலகத் தலைவர்கள் கைகோத்து நின்ற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மொட்டைமாடிப் பெட்டியைப் படம் பிடிக்க யார் ஏறுவார்கள்?

புதிய கேள்வித்தாளும் குறையற்றதல்ல. மின்நிலையக்காரரின் கண்ணால் பார்த்தால், அந்த இரண்டு சதவீத நேரம்தான் உயிர் போகும் நேரம். ஊரே வெந்து எல்லாப் பெட்டிகளும் ஒன்றாக முழு மூச்சில் ஓடும்போதுதான் மின்தொகுப்பு திணறுகிறது. பகுதிச் சுமையில் மட்டும் நன்றாக மதிப்பெண் வாங்கி, முழுச் சுமையில் சோடை போகும் எந்திரத்துக்கு ஐ.இ.இ.ஆர். கதவைத் திறந்துவிடக்கூடும். ஆஷ்ரே தன் தரநிலையில் இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டது. கூட்டாட்சி விதி ஒன்றோடு நின்றது. இதில் நான் ஆஷ்ரே பக்கம்.

இன்னொரு ஓட்டை சோதனைக் கூடத்தில். அங்கே ஃபேன் எதிர்கொள்ளும் காற்றழுத்தம், நிஜக் கட்டடத்தின் வளைந்து நெளிந்த டக்டுகள் தரும் எதிர்ப்பைவிட மிகக் குறைவு. கம்ப்ரஸர் நின்று ஃபேன் மட்டும் காற்றோட்டத்துக்காக ஓடும் மணிகளோ கணக்கிலேயே இல்லை. ஃபேனுக்கு நீதி கிடைக்கவேண்டும் என்று தொடங்கிய மாற்றம், ஃபேனின் பாதிக் குற்றத்தை மறுபடியும் பார்க்காமல் விட்டது. இதைச் சரிசெய்ய 2022-இல் இன்னொரு பேச்சுவார்த்தைக் குழு உட்கார்ந்தது. அதிலிருந்து பிறந்தது ஐ.வி.இ.சி. என்ற மூன்றாவது அளவுகோல். டக்டின் எதிர்ப்பு நிஜத்துக்கு நெருக்கமாகிறது. வெறும் காற்றோட்ட மணிகளும், வெளியே குளிர்ந்திருக்கும்போது கம்ப்ரஸரை நிறுத்தி வெளிக்காற்றையே உள்ளே விடும் மணிகளும் கணக்கில் வருகின்றன. 2024 மே மாதம் விதியாக வெளிவந்த இதற்கு 2029 ஜனவரி 1 என்று கெடு.

இதற்கிடையே எந்திரத்தின் ரத்தமே மாற வேண்டியிருந்தது. அதுவரை இந்தப் பெட்டிகளில் ஓடிய ஆர்-410ஏ என்ற கேஸ் ஓசோனைத் தொடாது. புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல். இத்தகைய கேஸ்களைக் குறைப்பதற்கான 2016 கிகாலி உடன்பாட்டையும் 2020-இன் அமெரிக்கச் சட்டத்தையும் தொடர்ந்து, இந்த வகை புதிய எந்திரங்களில் 700 மடங்குக்கு மேற்பட்ட கேஸுக்கு 2025 முதல் கதவடைப்பு. பதிலுக்கு வந்த ஆர்-32, ஆர்-454பி இரண்டும் இலேசாகத் தீப்பற்றும் ரகம். கசிவுணரி வேண்டும், உள்ளமைப்பு மாற வேண்டும். 2023-க்காக ஒருமுறை, 2025-க்காக மறுமுறை என்று வரைபடத்தை அழித்து அழித்து எழுதிய வடிவமைப்பாளர்கள் புலம்பியதில் நியாயம் இருக்கிறது. திறனுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று என்று இரண்டு அலுவலகங்கள் ஒரே எந்திரத்தை இரண்டு நாட்காட்டிகளில் திருத்தினால் அப்படித்தான் ஆகும்.

கேள்வித்தாளை இரவல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை நல்ல சாட்சி. இங்கே ஐ.டி. வளாகங்களையும் பெரிய மருத்துவமனைகளையும் குளிர்விப்பவை மொட்டைமாடிப் பெட்டிகள் அல்ல, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்கள். அமெரிக்காவில் சில்லருக்குக் கூட்டாட்சி வரம்பு கிடையாது. கட்டட விதிகளின் வழியாக ஆஷ்ரே 90.1தான் ஆட்சி செய்கிறது. சில்லருக்கான பகுதிச் சுமைச் சூத்திரத்தில் எடைகள் 0.01, 0.42, 0.45, 0.12. இருபத்தொன்பது அமெரிக்க நகரங்களின் தட்பவெப்பத்தைச் சராசரி செய்து எடுத்தவை. அந்தக் கணக்கில் சுமை பாதியாகும்போது கன்டென்சருக்கு வரும் தண்ணீர் 18 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிடுகிறது. குளிர்கோபுரம் காற்றின் ஈரப்பதத்தை மீறித் தண்ணீரைக் குளிர்விக்க முடியாது. சென்னையின் கடற்காற்றில் மார்கழி விடியற்காலையில்கூட அப்படியொரு தண்ணீர் கிடைப்பது அரிது. ஆக, விலைப்பட்டியலில் மின்னும் அந்த எண்ணை நம்பி வாங்கியவருக்கு மின்கட்டணம் வேறு கதை சொல்லும்.

நம் ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. அறை ஏசிகளுக்கு எரிசக்தித் திறன் பணியகம் 24 முதல் 43 டிகிரி வரையிலான வெளிவெப்பத்தையும் ஆண்டுக்கு 1,600 மணி நேர ஓட்டத்தையும் வைத்து நமக்கென்று ஒரு பருவகாலக் கணக்கை உருவாக்கியது. 2018 முதல் ஸ்டார் குறியீடு அதன்படிதான். சில்லருக்கு 2017-இல் ஐ.எஸ். 16590 தரநிலை வந்தது. அடுத்த ஆண்டு ஸ்டார் குறியீடும் வந்தது, விரும்பினால் ஒட்டிக்கொள்ளலாம் என்ற அளவில். வணிகக் கட்டடங்களுக்கு 2007-இலேயே ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பை மத்திய அரசு எழுதி வைத்தது, 2017-இல் புதுப்பித்தது. ஆனால் கட்டட அனுமதி மாநிலத்தின், உள்ளாட்சியின் கையில். எந்திரத்தைத் தொழிற்சாலை வாசலில் பிடிப்பது ஒரு வேலை; ஒவ்வொரு கட்டட வரைபடத்திலும் தேடிப் பிடிப்பது ஆயிரம் வேலை. 2017-18ஐ ஒப்பிட இந்தியாவின் குளிர்விப்புத் தேவை இருபது ஆண்டுகளில் எட்டு மடங்காகும் என்று 2019-இல் வெளிவந்த தேசியக் குளிர்விப்புச் செயல்திட்டம் சொல்கிறது. இங்கே பெரிய எந்திரங்களில் பலவும் இனிமேல்தான் மாடியேறப் போகின்றன. இருப்பதை மாற்றத் தவிக்கும் அமெரிக்காவுக்கு இல்லாத சலுகை இது.

அமெரிக்க விதியில் இந்தப் பெட்டிகளுக்கான கெடு, மாட்டும் தேதியைப் பார்ப்பதில்லை. தயாரித்த தேதியைப் பார்க்கிறது. 2022 டிசம்பர் 31 அன்று தொழிற்சாலையை விட்டு இறங்கிய 12.9 பெட்டியை அடுத்த கோடையில் கிடங்கிலிருந்து எடுத்துக் கிரேனில் ஏற்றினாலும் சட்டப்படி குற்றமில்லை. பழைய இரும்புச் சட்டத்தில் அச்சாகப் பொருந்தும் என்பதால் காண்டிராக்டருக்கும் அதுவே வசதி. அப்படி ஏறியது 2045 வாக்கில்தான் இறங்கும்.